உடைக்காத பெட்டிகள்

யூனியன்வில் பிரதான வீதியில் கோடைகாலத்தில் உலாவுகிறவர்கள் அங்கே வாங்குவது பெரும்பாலும் அவசியமில்லாத பொருட்களைத்தான். வாசனை மெழுகுதிரி, ஐஸ்கிறீம், சுவரில் மாட்டும் படம், யாருக்கோ கொடுக்க ஒரு சின்னப் பரிசு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனிதர் உலாவுவதற்கு ஒரு தெரு வேண்டும், தெருவுக்கு ஒரு சாட்டு வேண்டும். ஆனால் இந்தத் தெரு இதற்காகத் தோன்றியதல்ல. 1794இல் வில்லியம் பேர்ட்சி என்பவரின் பின்னால் வந்த ஜேர்மன் குடும்பங்கள் மார்க்கம் பகுதியில் காடு வெட்டிக் குடியேறின. 1840களின் தொடக்கத்தில் ஐரா வைற் என்பவர் ஆற்றோரம் ஒரு மா ஆலை வைத்தார். மேல் கனடாவும் கீழ்க் கனடாவும் 1841இல் ஒன்றாக்கப்பட்டதை ஒட்டி ஆலைக்கு 'யூனியன்' என்ற பெயர் வந்தது என்றும், ஆலையின் பெயரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது என்றும் சொல்வார்கள். 1871இல் ரொறன்ரோவிலிருந்து புகையிரதம் வந்தது. அதற்கு முன்பு அந்த ஊர்க் கமக்காரனுக்கு நகரத்துக் கடை என்பது சேற்றுப் பாதையில் வண்டி கட்டிப் போகவேண்டிய ஒரு முழுநாள் காரியம்.

இன்று அதே தெருவிலிருந்து கார் எடுத்தால் சில நிமிடங்களில் மக்கோவன் றோட்டிலுள்ள மார்க்வில் மொல். கெனடி றோட்டால் தெற்கே இறங்கினால் ஸ்ரீல்ஸ் சந்தியில் பசிபிக் மொல். பழைய களஞ்சியக் கட்டடங்களில் நடந்த ஒரு கடைத்தொகுதி இருந்த காணியில் 1997இல் திறக்கப்பட்டது அது. ஒரு கால்மணி நேர ஓட்டத்துக்குள் வாங்குதலின் மூன்று காலங்களையும் பார்த்துவிடலாம். இந்தச் சுற்றாடலில்தான் இப்போது எங்கள் ஆட்கள் நிறையப்பேர் வீடு வாங்கி இருக்கிறார்கள். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் தொடங்கி, ஸ்காபுரோவுக்கு நகர்ந்து, அங்கிருந்து வடக்கே ஏறியவர்கள்.

ஒரு கிராமத்துக் கடையில் வாங்குகிறவனைத் தடுத்து நிறுத்தப் பல காவல்கள் உண்டு. தூரம் ஒரு காவல். கையிலுள்ள காசு இன்னொன்று. கடைக்காரனின் முகம், விலை பேசும் சங்கடம், ஞாயிற்றுக்கிழமை, இருட்டு, பக்கத்தில் நிற்கும் உறவுக்காரர், எல்லாமே காவல்கள். கடைகளின் வரலாறு என்பது இந்தக் காவல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட வரலாறு என்றே எனக்குப் படுகிறது. எடுத்தவர்கள் யாரும் கெட்ட நோக்கத்தோடு எடுக்கவில்லை. பலவற்றை நாங்கள் இன்று உரிமை என்றே நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு காவலும் போகும்போது, அதில் சாய்ந்து நின்ற ஒரு சிலர் விழுந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று வைத்தியர்கள் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் காலம் எடுத்தது.

அயர்லாந்திலிருந்து வந்த திமொதி ஈட்டன் 1869இல் ரொறன்ரோ யங் வீதியில் கடை திறந்தபோது இரண்டு விதிகள் வைத்தார். பேரம் இல்லை, கடன் இல்லை. விலை எழுதி ஒட்டியிருக்கும். காசைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். பொருள் பிடிக்காவிட்டால் காசு திரும்பக் கிடைக்கும் என்பதும் அந்தக் கடையின் பெரிய வாக்குறுதி ஆயிற்று. ஏழை எளியவருக்கு இது நன்மைதான். முகம் பார்த்து விலை சொல்லும் வழக்கம் போயிற்று. ஆனால் பேரம் என்பது விலையைக் குறைக்க மட்டும் இருந்த ஏற்பாடல்ல. அது நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் 'இது வேணுமோ?' என்ற கேள்வி ஒருதரம் எழும்பிவிட்டுப் போகும். திருப்பிக் கொடுக்கலாம் என்ற வாக்குறுதியோ, வாங்கிய பின் வரவேண்டிய கவலையை வாங்கும் முன்பே தீர்த்துவிடுகிறது. எங்கள் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்திருக்கும் ரசீதுகளைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். 'பிறகு திருப்பிக் குடுக்கலாந்தானே' என்று வாங்கியவற்றில் எத்தனை திரும்பிப் போயின?

1884இல் ஈட்டன் கடை முதல் விலைப்புத்தகத்தை வெளியிட்டது. அதோடு தூரமும் போயிற்று. புகையிரதமும் தபாலும் எட்டும் இடமெல்லாம் கடை எட்டியது. பனியில் அடைபட்டுக் கிடந்த பண்ணை வீடுகளில் அந்தப் புத்தகம் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய பிரதிகளைப் பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டு ஹொக்கி விளையாடினார்கள். 1976 வரை அந்தப் புத்தகம் வந்தது. வாங்காமலே பக்கம் புரட்டி ஆசைப்படுகிற இன்பத்தைக் கனடியருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். இந்த இன்பம் தீங்கில்லாதது. பலருக்கு அது அங்கேயே நின்றுவிடும்.

நிற்காதவர்களைப் பற்றி முதலில் எழுதியது நாவலாசிரியர்கள். பரிசில் அரிஸ்ரிட் பூசிக்கோ 1852இல் பங்காளியாகச் சேர்ந்து வளர்த்த 'பொன் மார்ஷே' போன்ற பெருங்கடைகளைப் பார்த்துவிட்டு எமில் ஸோலா 1883இல் ஒரு நாவல் வெளியிட்டார். அதில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் மனைவி வருகிறாள். கடைக்குள் போனால் அவளால் வெறுங்கையோடு வெளியே வரமுடியாது. கணவரின் சம்பளத்தை அவள் தின்று தீர்க்கிறாள். கடை முதலாளிக்கு அவளைப்போன்றவர்கள் வேண்டும். அவர்களை நம்பியே அவன் கணக்குப் போடுகிறான் என்று ஸோலா காட்டியதுதான் அந்த நாவலின் கூர்மை.

நோய்க்குப் பெயர் வைத்தவர் ஜேர்மனிய மனநோய் மருத்துவர் எமில் கிறெப்லின். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமது பெரிய பாடநூலின் பிந்திய பதிப்பில், விற்பனைக்கு உரியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஓனியோமேனியா' என்றொரு பெயரை எழுதினார். 1924இல் சுவிஸ் மருத்துவர் ஓய்கன் புளொய்லர் அதைத் தீ வைக்கும் வெறி, களவெடுக்கும் வெறி இவற்றின் பக்கத்தில் வைத்துப் பேசினார். அவர் கவனித்த ஒரு விஷயம் இன்றைக்கும் பொருந்தும். இவர்கள் கடனைத் தீர்க்கும் நாளைத் தள்ளித் தள்ளிக்கொண்டே போவார்கள்; ஒரு பேரிடி விழும்போது நிலைமை கொஞ்சம் தெளியும்; பிறகும் தொடரும்; முழுக் கணக்கையும் ஒருவருக்கும் சொல்லவே மாட்டார்கள். இரண்டு மருத்துவரும் இதைப் பெண்களின் நோய் என்றே எண்ணினார்கள். அதற்குப் பிறகு ஏறத்தாழ அறுபது வருடம் மருத்துவம் இதைப் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் பெயர் வருவதற்கு முன்பே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி. வெள்ளை மாளிகையில் இருந்த காலத்திலேயே அவருக்குத் துணிக்கடைகளில் பெருங்கடன். அதைக் கணவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். 1850இல் ஒரு மகன் இறந்தான். 1862இல் இன்னொருவன். 1865இல் அவருடைய பக்கத்தில் இருந்த கணவர் சுடப்பட்டார். 1871இல் மூன்றாவது மகன். நான்கு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அந்த மகன்தான் 1875இல் சிகாகோவில் தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீதிமன்றம் போனவர். கடைச் சிப்பந்திகள் வந்து சாட்சி சொன்னார்கள். அந்த அம்மா ஒரே மாதிரிப் பொருட்களைத் திரும்பத் திரும்ப வாங்கினார். ஹோட்டல் அறையில் பொதி உடைக்காமல் கிடந்தன. தொங்கவிட ஒரு வீடு இல்லாத நிலையில் லேஸ் திரைச்சீலைகள் வாங்கியிருந்தார். ஜூரிகள் அவருக்குப் பைத்தியம் என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த வருடம் இன்னொரு ஜூரி அவர் சுகமானவர் என்று சொல்லி விடுவித்தது.

வீடில்லாதவர் திரைச்சீலை வாங்கினார் என்பதைச் சிப்பந்திகள் பைத்தியத்துக்குச் சாட்சியாகச் சொன்னார்கள். ஊரை விட்டு வந்த எங்களுக்கு அந்தச் சாட்சி வேறுவிதமாகக் கேட்கும் என்று நினைக்கிறேன். அவர் வாங்கியது சீலையை அல்ல, யன்னலை. அந்த ஜூரிகளில் ஒருவராவது அகதியாக இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமோ தெரியாது. ஆனால் நோய் இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். துயரத்துக்கு நியாயம் இருப்பதால் நோய் நோயல்லாமல் போய்விடாது.

இனி எங்கள் பக்கம். யாழ்ப்பாணத்தில் 'சொப்பிங்' என்ற சொல் ஒரு பையின் பெயராகத்தான் வீடுகளுக்குள் வந்தது. 'உந்தச் சொப்பின் பையைக் கழுவிக் காயப்போடு' என்று அம்மாமார் சொல்வார்கள். பை கிடைத்தது, அதைக் கழுவித் திரும்பப் பாவித்தோம். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் செய்தது 'சாமான் வாங்கப் போறது'. தேவை முதலில் வரும், சாமான் பிறகு வரும். சந்திக் கடையில் கொப்பிக்கு வாங்குவோம். கடைக்காரர் கொப்பியில் எழுதுவார், மாதம் முடிய அப்பா சம்பளத்தில் தீர்ப்பார். இதுவும் கடன்தான். ஆனால் கடன் கொடுத்தவருக்கு எங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியும். இரண்டாவது தரம் பிஸ்கற் கேட்டால் 'அப்பாவைக் கேட்டனியோ தம்பி?' என்பார். அந்த ஒரு கேள்விக்கு ஈடான காவல் எந்த வங்கியிலும் இல்லை.

மலாயாவிலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் அனுப்பிய காசில் ஊர் வாழ்ந்ததால் 'மணியோடர் பொருளாதாரம்' என்று எங்களைக் கேலியாகச் சொன்னார்கள். அந்தக் காசு காணியாக, நகையாக, சீதனமாக, பிள்ளையின் படிப்பாக மாறியது. கஸ்தூரியார் வீதியில் நகை வாங்குவதை யாரும் செலவு என்று சொன்னதில்லை. அது சேமிப்பு. அவசரத்துக்கு அடைவு வைக்கலாம். 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதி கட்டுப்பட்டது. பாணுக்கும் சீனிக்கும் வரிசை. அதே வேளை மிளகாயும் வெங்காயமும் போட்ட எங்கள் தோட்டக்காரர்களுக்குக் கையில் காசு புழங்கிய காலமும் அதுதான். 1977க்குப் பிறகு ஜே. ஆர். ஜெயவர்த்தன கதவைத் திறந்துவிட்டார். கசற் றேடியோவும் நைலெக்ஸ் சீலையும் வந்தன, தோட்டக்காரர் நொடித்தார்.

பிறகு 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டுக்குப் போகும் பொருட்களுக்குத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி, எல்லாம் அரிதாயின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் வைத்து விளக்கு எரித்தார்கள். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றி, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். ஒரு பற்றரிக்காக மனிதர் எவ்வளவு பாடுபடுவார்கள் என்று அந்த ஐந்து வருடத்தில் தெரிந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, சிறுகச் சிறுகச் சேர்த்தவை எல்லாம் வீட்டிலேயே நின்றன.

இப்படி வந்த ஒருவர் ரொறன்ரோவில் ஒரு பெருங்கடையின் பற்றரித் தட்டுக்கு முன்னால் நிற்கிறார். நாற்பத்தெட்டுப் பற்றரி ஒரு பெட்டி, அதுவும் மலிவுவிலையில். அவர் இரண்டு பெட்டி எடுத்தால் அதை யார் நோய் என்று சொல்வது? நானும் சொல்லமாட்டேன். அது பயம். அந்தப் பற்றரிகள் பாவிக்கப்படும், முடிந்ததும் திரும்ப வாங்கப்படும். தட்டுப்பாட்டுக்குப் பயந்து சேர்ப்பது வேறு, இங்கே பேசப்போவது வேறு. அதேபோல், கலியாணவீட்டில் மற்றவர் கண்ணுக்காகக் கூறைக்கும் மண்டபத்துக்கும் அள்ளி இறைப்பதும் வேறு. அது போட்டி, சமூகத்தின் வருத்தம். அவரைத் தனியே அழைத்துப்போய் வைத்தியம் பார்க்கமுடியாது. ஊருக்குப் பார்சல் கட்டுவதும் தன்னளவில் நோயல்ல. ஆனால் இவை மூன்றும் நோய் ஒளிந்திருக்க மிக நல்ல இடங்கள். 'பிறகு இல்லாமல் போகும்', 'சபைக்கு வேணும்', 'ஊரிலை பிள்ளையளுக்கு' என்ற மூன்று சாட்டுகளை மறுத்துப் பேச எங்களில் யாருக்கும் நாக்கு எழாது.

நாங்கள் வந்து சேர்ந்த நேரமும் அப்படி. 1986இல் நியூபவுண்லாந்துக் கரையில் 155 பேர் படகில் இறங்கிய காலத்தில் கனடாவில் கடனட்டைக்கு வயது பதினெட்டு. 1968இல் சில வங்கிகள் சேர்ந்து 'சார்ஜெக்ஸ்' என்று கொண்டுவந்தன. 1977இல் அதன் பெயர் 'விசா' ஆயிற்று. கையில் காசு வேண்டும் என்ற காவல் அதோடு போயிற்று. மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. 1906ஆம் ஆண்டின் ஞாயிறு ஓய்வுச் சட்டத்தைச் சமய சுதந்திரத்துக்கு மாறானது என்று கனடிய உயர்நீதிமன்றம் 1985இல் தள்ளியது. ஒன்ராறியோ தனது சொந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு சில வருடம் தாக்குப்பிடித்தது. 1992இல், தொழிலாளர் கட்சி என்று சொல்லக்கூடிய பொப் றே அரசாங்கம்தான் ஞாயிறு கடைகளைத் திறந்துவிட்டது. கடைச்சிப்பந்திகளாக நின்ற எங்கள் பெண்களுக்கு அந்த ஒரு நாளும் போயிற்று. வாங்குகிறவர்களுக்கு ஒரு நாள் கூடியது. இரண்டும் பலசமயம் ஒரே ஆள்தான்.

கெனடி றோட்டுக்குக் கிட்ட, யூனியன்வில் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அண்ணை இரவு வேலை, அக்கா பகல் வேலை. அண்ணையின் கராஜில் கார் நின்று பல வருடம். கதவைத் திறந்தால் சுவர் முழுக்கப் பெட்டிகள். துளை போடும் மெசின் நான்கு, அறுக்கும் மெசின் மூன்று, எண்ணிக்கையில்லாத சாவிக் கட்டுகள். எல்லாம் நல்ல சாமான், எல்லாம் மலிவில் எடுத்தது, ஒன்றும் உடைக்கவில்லை.

"என்ன அண்ணை, கடை போடப்போறியளோ?"

"அரை விலைக்குப் போட்டவன் தம்பி. எப்பவாவது தேவைப்படும்."

அக்கா சொன்ன விபரம் எந்த ஆய்வுநூலிலும் இதைவிடத் தெளிவாக எழுதப்படவில்லை. விளம்பரத்தாள்கள் வரும் நாளில் அவருக்கு முகம் மலரும். பேனையோடு இருந்து வட்டம் போடுவார். இரண்டு நாளைக்கு வீட்டில் சிரிப்பு. பிள்ளைகளோடு கதைப்பார். கடைக்குப் போகும்போது நல்ல சேட் போடுவார். திரும்பி வரும் வழியில், ஸ்ரீல்ஸ் தாண்டும்போது, முகம் விழுந்துவிடும். பெட்டி கராஜுக்குள் போனபின் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். 'இவர் சாமானுக்கு ஆசைப்படுறாரெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான். சாமானில இவருக்கு ஒரு ஆசையும் இல்லை' என்றார் அக்கா. பிறகு பெட்டிகள் அவர் நித்திரையாக இருக்கும் நேரம் பார்த்து வரத்தொடங்கின. வங்கிக் கடிதங்கள் காரின் இருக்கைக்கு அடியில் இருந்தன. விசாரித்தபோது அட்டைகள் இரண்டு என்றார், ஐந்து இருந்தன.

ஊரில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது, 1995இல் விட்டுவிட்டு வந்தார் என்று சொன்னால் கதை அழகாக முடிந்துவிடும். பட்டறை இருந்தது உண்மை. ஆனால் பட்டறையை விட்டுவந்த எத்தனையோ பேர் இங்கே கராஜில் கார் விடுகிறார்கள். இழப்பு ஒரு வழியைக் காட்டும். எல்லோரையும் அதால் நடத்திப் போகாது.

1988இல் கியூபெக்கின் ஷேர்புறூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வலொன்ஸ், டாஸ்ரூ, போர்த்தியே என்ற மூவர், கட்டுமீறி வாங்குவதை அளக்க ஒரு கேள்விக்கொத்தைத் தயாரித்து வெளியிட்டார்கள். இந்த விஷயத்தில் உலகத்தில் முதலில் வந்த அளவைகளில் ஒன்று அது. 1992இல் அமெரிக்கர்களான பேபரும் ஓகுவினும் ஏழு கேள்விகளாகச் சுருக்கினார்கள். அவர்கள் கேட்டவற்றை எங்கள் பாஷையில் இப்படிச் சொல்லலாம். சம்பளத்தில் மிச்சம் இருந்தால் அதைச் செலவழித்தே ஆகவேண்டும்போல் இருக்கிறதா? உங்கள் செலவு மற்றவர்களுக்குத் தெரிந்தால் திகைத்துப்போவார்களா? கட்டமுடியாது என்று தெரிந்தும் வாங்கினீர்களா? வங்கியில் காசில்லை என்று தெரிந்தும் காசோலை எழுதினீர்களா? மனம் சரியில்லை என்பதற்காக வாங்கினீர்களா? கடைக்குப் போகாத நாளில் அந்தரமாக இருக்கிறதா? கடனட்டைக்கு ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டுகிறீர்களா?

எவ்வளவு வாங்கினீர்கள் என்று இதில் ஒரு கேள்வியும் இல்லை. பணக்காரர் நிறைய வாங்கலாம், நோய் இல்லாமல் இருக்கலாம். வாரம் முந்நூறு டொலர் உழைப்பவர் ஒரு டொலர் கடையிலேயே நோயாளியாகலாம். 2021இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்ட அடையாளங்களில் ஒன்று, வாங்கியதை அதற்குரிய காரியத்துக்குப் பாவிக்காமல் விடுவது. அக்கா கராஜில் கண்டது அதுதான். மற்றவை: ஓயாத நினைப்பு, கட்டுப்படுத்த முடியாமை, மனத்தைச் சமப்படுத்த வாங்குவது, கேடு வந்தபின்னும் விடமுடியாமை, விட்டால் வரும் அந்தரம்.

பெண்களின் நோய் என்ற பழைய எண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006இல் வெளியான ஓர் அமெரிக்கத் தொலைபேசி ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவாக, 5.8 வீதமானோர், இந்த வகையில் வந்தார்கள். பெண்கள் 6.0, ஆண்கள் 5.5. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். எங்களிடையே பெண் சேலை வாங்கினால் 'ஊதாரி' என்கிறோம். ஆண் மெசின் வாங்கினால் 'கெட்டிக்காரன், மலிவில எடுத்துப்போட்டான்' என்கிறோம். இந்தப் பேச்சால் அவள் ஏச்சு வாங்குகிறாள், அவன் பிடிபடாமல் இருக்கிறான். இருவருக்கும் வைத்தியம் கிடைப்பதில்லை.

மருத்துவ உலகமும் இன்னும் முழுமனதோடு இதை ஏற்கவில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது கைநூலைப் புதுப்பித்தபோது சூதாட்டத்தைப் போதைகளோடு சேர்த்தது, வாங்குதலைச் சேர்க்கவில்லை. ஆதாரம் போதாது என்றார்கள். சின்ன ஆசைகளையெல்லாம் நோயாக்கக்கூடாது என்ற அந்த எச்சரிக்கை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் குடும்பங்கள் கைநூலுக்காகக் காத்திருக்க முடியாது. சிந்தனையையும் பழக்கத்தையும் படிப்படியாகத் திருத்தும் பேச்சுவழிச் சிகிச்சை, குறிப்பாகக் குழுவாகச் செய்வது, பலருக்கு உதவியிருக்கிறது. மருந்துகள் பற்றிய முடிவுகள் அவ்வளவு தெளிவில்லை. மனச்சோர்வு அடியில் இருந்தால் அதற்கு மருந்து வேறு கணக்கு. திடீரென்று நித்திரை இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில் ஒருவர் அள்ளி வாங்கினால் அது வேறு நோயாக இருக்கலாம், உடனே காட்டவேண்டும். எதற்கும் வழி குடும்ப வைத்தியர் ஊடாகத்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் எங்கள் ஆட்கள் பிழையான கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். கடன் முற்றியதும் சீட்டுக் கட்டி எடுப்பது, மச்சானிடம் மாறுவது, வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுப்பது, அதுவும் சரிவராவிட்டால் 'பாங்றப்சி அடிக்கிறது'. 1992இல் திருத்திய கனடியச் சட்டம், வங்குறோத்து ஆகாமலே கடன்காரரோடு ஓர் ஒழுங்குக்கு வர வழி செய்திருக்கிறது. அது தெரியாதவர் இன்னும் பலர். ஐயாயிரம் டொலர் கடனட்டையில் இருபது வீத வட்டியில் நின்றால் வருடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் டொலர் வட்டிக்கே போகும். ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டினால் எத்தனை வருடம் செல்லும் என்று 2010இலிருந்து மாதாந்தக் கணக்கிலேயே எழுதவேண்டும் என்பது சட்டம். அந்த வரியைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கடனைத் தீர்ப்பதோடு நோய் தீராது. அந்த அண்ணைக்கு அக்காவின் தம்பி ஒருதரம் முழுக்கடனையும் கட்டி உதவினான். எட்டு மாதத்தில் அட்டைகள் திரும்ப நிரம்பின. புளொய்லர் 1924இல் எழுதியதற்கு ஓர் எழுத்தும் மாறவில்லை.

இப்போது கடைசிக் காவல்களும் போய்விட்டன. கடைக்காரனின் முகம் இல்லை, இருட்டு இல்லை, வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நடுச்சாமத்தில், இரவு வேலையின் தேத்தண்ணி நேரத்தில், தொலைபேசியில் விரலால் ஒரு தட்டு. ஈட்டன் கடை 1999இல் நொடித்தது. 1670இலிருந்து இருந்த ஹட்சன் பே கம்பனி தன் கடைகளையெல்லாம் 2025 ஜூன் 1ஆம் திகதியோடு மூடியது. அந்தக் கடைசி வாரங்களில் தட்டுகளையும் துணிப்பொம்மைகளையும்கூட விலைபோட்டு விற்றார்கள். சனம் போய் நின்றது, எங்கள் ஆட்களும் நின்றார்கள். ஏழு மாதமாகக் குழுச் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணையும் ஒருநாள் போனாராம். அக்காவுக்குச் சொல்லிவிட்டே போயிருக்கிறார். அன்று இரவு அக்கா தொலைபேசி எடுத்தார்.

"ஒரு மணித்தியாலம் உள்ளுக்கை நிண்டிட்டு வெறுங்கையோடை வந்திட்டார். வந்து கராஜைத் திறந்து, ஒரு பெட்டியை உடைச்சு, அந்தத் துளை போடுற மெசினை எடுத்து, அம்மாவின்ரை படத்தைச் சுவரிலை பூட்டினவர். ஆறு வருசமாச் சொல்லிக்கொண்டிருந்தனான்."

"அப்ப நல்லதுதானே அக்கா."

"நல்லதுதான். ஆனா சாப்பிடேல்லை. ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. இப்பவும் கராஜுக்கைதான் இருக்கிறார்."